துண்டாடாத லாபம்

தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்த்த பங்கு, இன்று படிப்புக்கும் மொழிக்கும் கைகொடுக்கிறது. பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தால் இத்தனை ஆண்டுகள் சமூகத்துக்கு எப்படிச் செலவு செய்ய முடிகிறது? ஒரு பார்வை.

‘பங்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் வேலைக்குப் போகும் இளையர்களுக்குக் கைப்பேசித் திரையில் ஏறி இறங்கும் பச்சை, சிவப்பு எண்கள் நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. தாத்தா காலமானபின் அண்ணன் தம்பிகள் கூடத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்ட சொத்து. இரண்டிலும் பங்கு என்பது என் கைக்கு வந்து சேர வேண்டியது. வரவில்லை என்றால் சண்டை.

நம் நாட்டில் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களிடம் இன்னொரு வகைப் பங்கும் இருக்கிறது. பெரும்பாலும் பாட்டி, தாத்தா பெயரில். அதன் விலை புர்சாவில் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. ஆண்டுக்கொரு முறை ஒரு கடிதமும் கொஞ்சம் லாப ஈவும் வரும். அந்தக் கடிதத்தை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் படித்திருப்போம்?

வானொலியில் வேலை பார்ப்பதால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்தில் நேயர்களின் அழைப்புகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். “பிள்ளையைப் படிக்க வைக்க எங்கே உதவி கிடைக்கும்?” அரசாங்கக் கடனுதவி, மாநில அரசு, கோயில்கள், அறவாரியங்கள் என்று நாங்களும் பட்டியலைச் சொல்வோம். அந்தப் பட்டியலில் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயர் வரும்போது மட்டும் மறுமுனையில் ஒரு சிறிய மௌனம். “அதில் எங்கள் பாட்டி உறுப்பினராக இருந்தார் போலிருக்கிறதே...”

இருந்திருக்கலாம். இப்போதும் இருக்கலாம்.

மாதம் பத்து வெள்ளி

1950களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு பயம் பரவியது. அவசரகாலத்தின் நெருக்கடி ஒரு பக்கம், வரப்போகும் சுதந்திரம் மறுபக்கம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலர் தோட்டத்தைத் தோட்டமாக நடத்த வாங்கவில்லை. சிறு சிறு நிலங்களாகக் கூறுபோட்டு விற்று லாபம் பார்த்தார்கள். நம்மவர்கள் இதற்கு வைத்த பெயர் தோட்டத் துண்டாடல்.

ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கர் தோட்டம் பத்துப் பதினைந்து ஏக்கர் துண்டுகளானால் என்ன ஆகும்? சிறு நிலத்துக்காரருக்கு நிரந்தரத் தொழிலாளர்கள் தேவையில்லை. வேலை போகிறது. வேலையோடு லயத்து வீடு போகிறது. ஆயாக் கொட்டகை, மருந்தகம், கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் தோட்ட முதலாளியின் நிலத்தில் நின்றவைதானே? அவற்றின் கதியும் கேள்விக்குறி. துண்டாடலின் பாதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது.

இந்தச் சூழலில்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். யோசனை எளிமையானது. தோட்டம் விற்பனைக்கு வந்தால் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிடுவது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம்.

இன்றைக்கு 10 வெள்ளி ஒரு மதிய உணவு. அன்றைக்கு ஒரு பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு அது பல நாள் உழைப்பு. மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் 10 வெள்ளியை எடுத்துவைப்பது என்றால் எதையோ குறைத்தாக வேண்டும். சம்பந்தன் அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய் இதைப் பேசினார்.

பேராக்கில் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டிய என் பெரியம்மாவிடம் இதைப்பற்றிக் கேட்டேன். “பங்குன்னா என்னன்னு எங்களுக்கு என்ன கண்ணு தெரியும்? தோட்டம் கைமாறிப் போனா எங்க போறதுங்கிற பயம்தான் தெரியும். அந்தப் பயத்துலதான் கட்டுனோம்” என்றார். முதலீடு, வருமானம் என்ற சொற்கள் அவர் பேச்சில் வரவே இல்லை.

1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதுதான் முதல் தோட்டம். அதன்பிறகு வேறு தோட்டங்களும் சேர்ந்தன. ரப்பர் பிறகு செம்பனையானது. தலைநகரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன் எழுந்தது. 1979இல் சம்பந்தன் மறைந்த பிறகு அவருடைய துணைவியார் தோ புவான் உமாசுந்தரி, டான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் போன்றோரின் தலைமையில் சங்கம் தொடர்ந்தது.

பங்கு வளராது, சொத்து வளரும்

இனி, இந்தக் கட்டுரையின் மையமான கணக்குக்கு வருவோம். ஒரு சாதாரணக் கம்பெனியின் பங்கை 100 வெள்ளிக்கு வாங்குகிறீர்கள். கம்பெனியின் நிலம், கட்டடம் எல்லாம் மதிப்பு கூடக்கூட உங்கள் பங்கின் விலையும் கூடும். 500 வெள்ளிக்கு விற்றுவிட்டு வெளியே வரலாம். வளர்ச்சி உங்கள் பையில்.

கூட்டுறவில் அப்படி இல்லை. பொதுவாகப் பங்கின் மதிப்பு, போட்ட தொகைதான். விலகினால் அந்தத் தொகை திரும்ப வரும். நடுவில் லாப ஈவு கிடைக்கும். சில சமயம் போனஸ் பங்கும் தருவார்கள். ஆனால் 1960களில் ஒரு விலைக்கு வாங்கிய நிலம் இன்று பல மடங்கு மதிப்பு பெற்றிருந்தாலும், அந்த உயர்வை ஒரு தனி உறுப்பினர் தன் பங்கோடு சேர்த்து விற்றுவிட்டுப் போக முடியாது. அது சங்கத்திலேயே தங்கிவிடுகிறது.

ஓட்டுரிமையும் வேறு மாதிரி. கம்பெனியில் அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கு அதிக ஓட்டு. கூட்டுறவில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. யாராவது ஒரு பணக்காரர் பங்குகளைக் குவித்து, ‘தோட்டங்களை விற்றுப் பணத்தைப் பிரித்துவிடுவோம்’ என்று தனியாக முடிவெடுக்க இயலாது.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்படக் கூடாது என்று தொடங்கிய சங்கம் அது. அதன் அமைப்பே லாபத்தையும் முழுக்கத் துண்டாடவிடாமல் வைத்திருக்கிறது. சமூகத்துக்கான நீண்டகாலச் செலவுகள் எல்லாம் அந்தத் துண்டாடாத பகுதியிலிருந்துதான் வருகின்றன.

நான்கு வெள்ளியின் வலிமை

புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இது எந்தச் சங்கத்தின் கணக்கும் அல்ல. ஒரு சங்கத்துக்கு 50,000 உறுப்பினர்கள். எல்லாரிடமும் ஒரே அளவு பங்கு. இந்த ஆண்டு நிகர லாபம் 10 இலட்சம் வெள்ளி.

எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தால் தலைக்கு 20 வெள்ளி. வாழையிலைச் சாப்பாடு ஒன்று, அதோடு சரி.

ஐந்தில் ஒரு பகுதியை மட்டும் பிரிக்காமல் ஒதுக்கினால்? உறுப்பினருக்கு 16 வெள்ளி கிடைக்கும். நான்கு வெள்ளி குறைவு, ஒரு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் குடிக்கிற காசு. ஆனால் ஒதுக்கிய தொகை 2 இலட்சம் வெள்ளி. 40 மாணவர்களுக்குத் தலா 5,000 வெள்ளி உபகாரச் சம்பளம் கொடுக்கலாம். பிரித்தால் யாருக்கும் பெரிதாக உதவாத பணம், பிரிக்காமல் வைத்தால் 40 வீடுகளில் ஒரு பிள்ளையின் முதலாண்டுக் கல்லூரிக் கட்டணத்தில் பாதிச் சுமையையாவது இறக்கி வைக்கும்.

சங்கங்கள் இப்படி ஒதுக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சட்டம் எடுத்துக்கொள்வது. மலேசியக் கூட்டுறவுச் சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் லாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதியில் சேர்த்தாக வேண்டும். அதுதவிர 2 விழுக்காடு கூட்டுறவுக் கல்வி நிதிக்கும், 1 விழுக்காடு கூட்டுறவு மேம்பாட்டு நிதிக்கும் போகிறது. இவை கூட்டுறவுத் துறை முழுமைக்குமான பொது நிதிகள்.

சட்டத்துக்கு முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. கூட்டுறவு இயக்கத்தின் தாய்வீடாகக் கருதப்படும் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பரில் 28 பேர் தலைக்கு ஒரு பவுன் போட்டு ஒரு மளிகைக்கடை திறந்தார்கள். பெரும்பாலும் எளிய தொழிலாளிகள். கடை வளர்ந்த பிறகு உபரியில் இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். அதில் நூலகமும் வாசிப்பறையும் நடந்தன. வெண்ணெயும் மாவும் விற்ற கடைக்குப் புத்தகம் எதற்கு என்று அவர்கள் நினைக்கவில்லை.

இரண்டாவது வழி, பொதுக்கூட்டம் கொடுப்பது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் லாபத்தை எப்படிப் பங்கிடுவது என்ற பரிந்துரையை வாரியம் முன்வைக்கும். ஈவு இவ்வளவு, உறுப்பினர் பிள்ளைகளின் கல்வி நிதி இவ்வளவு, பொதுநலன் இவ்வளவு. உறுப்பினர்கள் அல்லது அவர்களின் பேராளர்கள் கையுயர்த்தினால்தான் அது நடக்கும். இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. லாபம் குறைந்த ஆண்டில் முதலில் கத்தி விழுவது பெரும்பாலும் பொதுநலன் வரிசையில்தான்.

மூன்றாவது வழி, அறவாரியம் அமைப்பது. ஒரு தொகையைத் தனியாக எடுத்து முதலாக வைத்து, அதன் வருமானத்தில் மட்டும் செலவு செய்வது. 50 இலட்சம் வெள்ளியை முதலாக வைத்து ஆண்டுக்கு 4 விழுக்காடு வருமானம் வந்தால், மேற்சொன்ன 2 இலட்சம் வெள்ளி ஒவ்வோர் ஆண்டும் கிடைத்துக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு சங்கத்துக்கு லாபமோ நட்டமோ, பிள்ளைகளின் பணம் நிற்காது. விலைவாசி ஏறுவதால் அந்த 2 இலட்சத்தின் வாங்கும் சக்தி குறையும் என்பதால், வருமானத்தில் கொஞ்சத்தை முதலோடு திரும்பச் சேர்க்கவும் வேண்டும். நம் முன்னோர் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்து, அதன் விளைச்சலில் விளக்கு எரியவிட்டதும் இதே ஏற்பாடுதான்.

மரம் கற்றுத்தந்த பொறுமை

தோட்டச் சங்கத்துக்கு இந்த மூன்றாவது வழி ஏன் முக்கியம் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ரப்பர்க் கன்று நட்டால் கத்தி வைக்க ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். செம்பனை மூன்றாம் ஆண்டு வாக்கில் குலை தள்ளும். ஆனால் 25 ஆண்டுகளில் மரம் உயர்ந்து, காய்ப்பும் குறைந்து, வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டியிருக்கும். மறுநடவு நடக்கிற ஆண்டுகளில் அந்த நிலத்தில் செலவு மட்டுமே இருக்கும், வரவு இருக்காது.

விலையோ நம் கையில் இல்லை. செம்பனை எண்ணெய் விலையை உலகச் சந்தைதான் தீர்மானிக்கிறது. ஓராண்டு உச்சம், மறு ஆண்டு பள்ளம். ஆனால் மருத்துவம் படிக்கப் போன பிள்ளைக்கு ஐந்து ஆண்டுகளும் கட்டணம் கட்டியாக வேண்டும். ‘இந்த ஆண்டு எண்ணெய் விலை சரிந்துவிட்டது, மூன்றாம் ஆண்டுப் படிப்பை நிறுத்தி வையம்மா’ என்று சொல்ல முடியுமா?

எனவே, நல்ல விலை வரும் ஆண்டில் எல்லாவற்றையும் ஈவாகக் கொடுத்துக் கைதட்டல் வாங்காமல், கொஞ்சத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்த சங்கம்தான் பள்ளத்தில் விழும் ஆண்டிலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்.

மொழிக்கும் ஒரு பங்கு

தலைநகரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களுக்கு விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கம் பழகிய இடம். நூல் வெளியீடு, கருத்தரங்கு, பரிசளிப்பு என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். அந்த நாற்காலிகளில் அமர்ந்து கவிதை கேட்கும்போது, அந்தக் கட்டடத்தின் அடியில் ரப்பர்ப்பால் வாடை இருப்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுக்கிறது. அதோடு டான்ஸ்ரீ கே.ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியத்தின்வழி எழுத்தாளர்களுக்கான போட்டிகள், பரிசுகள் என்று மொழிக்கும் செலவழித்து வந்திருக்கிறது. அறவாரியத்தின் அனைத்துலகப் புத்தகப் பரிசு 10,000 அமெரிக்க டாலர். தமிழ்ப் புத்தகம் ஒன்றுக்கு இந்த அளவில் பரிசு கொடுப்பவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்துப் பங்கு சேர்ந்தவர்களும் அந்த நாளில் இருந்திருப்பார்கள். அவர்கள் கட்டிய பணத்தின் வழித்தோன்றல்தான் இன்று எழுத்தாளர்களுக்குப் பரிசாகப் போகிறது.

நியாயமான கேள்விகள்

பெருமைப்பட்டுக்கொண்டு இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் உறுப்பினர்கள் சிலர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. அவற்றையும் பேசத்தான் வேண்டும்.

“தோட்டத்தை நாங்கள்தான் வாங்கினோம் என்கிறார்கள். ஆனால் கடைசிவரை நான் சம்பளத்துக்குத்தானே மரம் வெட்டினேன்?” இது உண்மை. நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. தொழிலாளி பங்குதாரர் ஆனார். ஆனால் அவருக்கென்று இரண்டு ஏக்கர் பட்டா கிடைக்கவில்லை. தோட்டம் துண்டாகாமல் காப்பாற்றப்பட்டதன் மறுபக்கம் இது. அரசாங்கத்தின் ஃபெல்டா திட்டத்தில் குடியேறியவர்களுக்குத் தலைக்கு ஒரு நிலம் என்று கணக்கிருந்தது. கூட்டாக வைத்திருப்பதா, ஆளுக்காளாகக் கொடுப்பதா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் வாதம் உண்டு.

“உறுப்பினர் ஒருவர் மலிவுவிலை அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கும்போது, வெளிநாட்டு எழுத்தாளருக்கு டாலரில் பரிசு எதற்கு?” இதற்கும் எளிதான பதில் இல்லை. மொழி வளர்ந்தால் சமூகம் வளரும் என்பார் ஒருவர். முதலில் வயிறு, பிறகு வரிகள் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பங்குதாரர்கள். இரண்டு பேருக்கும் ஒவ்வோர் ஓட்டு. இந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய இடம் பொதுக்கூட்டம்.

அந்த இடத்துக்கு யார் போகிறார்கள் என்பதுதான் சிக்கல். பங்கு வாங்கியவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் இன்று வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பேரப்பிள்ளைகளோ கிள்ளானிலும் பூச்சோங்கிலும் சிங்கப்பூரிலும் அலுவலக வேலையில். தோட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது. அது எதற்காகச் சேர்ந்தது என்று தெரிந்தவர்கள் மட்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பாலத்துக்கு அப்பால் ஒரு பாடம்

பிரிக்காமல் சேர்த்த பணம் யாருடையது என்ற கேள்வி எவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்பதற்கு அண்மை உதாரணம் சிங்கப்பூரில் இருக்கிறது.

அங்கே கூட்டுறவுச் சங்கங்கள் உபரியில் முதல் 5 இலட்சம் வெள்ளிக்கு 5 விழுக்காட்டை மத்தியக் கூட்டுறவு நிதிக்குச் செலுத்துகின்றன. அதற்குமேல் உள்ள உபரிக்கு 20 விழுக்காடு. இந்த இரண்டாவது பகுதி மத்தியக் கூட்டுறவு நிதிக்கோ சிங்கப்பூர்த் தொழிலாளர் அறநிறுவனத்துக்கோ போகலாம்.

என்டியுசி இன்கம் காப்புறுதிச் சங்கம் 1970இல் தொழிலாளர்களுக்கு மலிவான காப்புறுதி தரவேண்டும் என்று தொழிற்சங்க இயக்கம் தொடங்கியது. 2022 செப்டம்பரில் அது கூட்டுறவிலிருந்து கம்பெனியாக மாறியது. வழக்கமாக ஒரு கூட்டுறவு கலைக்கப்பட்டால், உறுப்பினர்களுக்குச் சேர வேண்டியது போக மிஞ்சும் உபரி, கூட்டுறவுத் துறைக்கான தனிக்கணக்கில் சேர வேண்டும். இன்கம் அதிலிருந்து விலக்கு பெற்றது. சுமார் 2 பில்லியன் வெள்ளி உபரி புதிய கம்பெனிக்கு வந்தது. கம்பெனியின் மூலதனத்தை வலுப்படுத்தவே இது தேவை என்று சொல்லப்பட்டது.

2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் நிறுவனம், இன்கமில் குறைந்தது 51 விழுக்காட்டை வாங்க முன்வந்தது. பேச்சில் இருந்த தொகை சுமார் 2.2 பில்லியன் வெள்ளி. மக்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. தொழிலாளர்களின் சங்கத்தை விற்கலாமா என்று மூத்த அரசதந்திரி டாமி கோ உட்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள். அந்த ஒப்பந்தம் நிறைவேறியபின் மூன்று ஆண்டுகளில் சுமார் 1.85 பில்லியன் வெள்ளி மூலதனத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் இருந்ததும் தெரியவந்தது. அக்டோபரில் அமைச்சர் எட்வின் டோங் நாடாளுமன்றத்தில், இந்த வடிவத்தில் இதனை அரசாங்கம் ஏற்க இயலாது என்று அறிவித்தார். அதே வாரம் காப்புறுதிச் சட்டம் திருத்தப்பட்டது. டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது.

யார் சரி, யார் தவறு என்ற வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். நமக்கான பாடம் வேறு. அந்தப் பணம் ஒருநாளில் சேர்ந்ததல்ல. ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்தது. கூட்டுறவு என்ற சட்டைக்குள் இருந்தவரை அதைப் பிரிப்பது கடினம். சட்டை மாறியதும் அதே பணம் பங்குதாரர்களிடம் திரும்பிப் போகும் வழி திறந்தது. அங்கே அரசாங்கமே தலையிட்டது. எல்லாச் சங்கத்துக்கும் அப்படி ஒரு காவல் வாய்க்காது. உறுப்பினர்களே விழிப்பாக இருக்க வேண்டும்.

பாட்டியின் பங்கு இப்போது யாரிடம்?

பங்குதாரர் சங்கங்களைப் பாராட்டுவதைவிட, அவற்றில் பங்கெடுப்பது பயனுள்ளது. அதற்கு நீங்கள் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில், வீட்டு அலமாரியைப் பாருங்கள். பாட்டி, தாத்தாவின் அடையாள அட்டை, மரணச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் பங்குப் பத்திரமோ உறுப்பினர் புத்தகமோ இருக்கலாம். இருந்தால் சங்க அலுவலகத்தில் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். யார் வாரிசாக நியமிக்கப்பட்டிருக்கிறார், வாங்காத ஈவு இருக்கிறதா, முகவரி பழைய தோட்ட முகவரியாகவே இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாரிசு நியமனத்தைச் சரிசெய்துவிட்டால் பிற்பாடு அலைச்சல் மிச்சம்.

18 வயது ஆனவர்கள் தங்கள் பெயரிலேயே உறுப்பினராகச் சேர முடியுமா என்று கேட்கலாம். பாட்டியின் பங்குத் தொகை கைக்கு வந்தால், ஒரு கைப்பேசித் தவணைக்கு அதைச் செலவழிப்பதா, சங்கத்திலேயே உங்கள் பெயரில் போடுவதா என்பது உங்கள் விருப்பம்.

அடுத்து, ஆண்டறிக்கை. அது கையில் கிடைத்தால் எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடுங்கள்:

• லாபத்தில் எவ்வளவு ஈவு, எவ்வளவு கல்விக்கும் சமூகத்துக்கும்? போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

• சமூகச் செலவு அந்தந்த ஆண்டு லாபத்திலிருந்து வருகிறதா, அல்லது அதற்கென்று தனி முதல் இருக்கிறதா?

• கல்வி உதவி பெற்றவர்கள் எத்தனை பேர்? எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்? படிப்பை முடித்தார்களா?

• நிலம் ஏதும் விற்கப்பட்டதா? விற்ற பணம் வேறு சொத்தாக மாறியதா, செலவாகிப் போனதா?

நான்காவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். விளைச்சலில் கொடுப்பது தர்மம். நிலத்தை விற்றுக் கொடுத்துக்கொண்டே போனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

இவற்றைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பது வாரியத்தின்மேல் குற்றம் சுமத்துவதாகாது. கேள்வி கேட்கும் உரிமைக்காகவும் சேர்த்துத்தான் அந்த மாதப் பத்து வெள்ளி கட்டப்பட்டது. நன்றாக நடக்கும் சங்கம் கேள்விகளை வரவேற்கும்.

கணக்காய்வு, சட்டம், நிதி, ஊடகம் என்று இன்று நம் பிள்ளைகள் இல்லாத துறை இல்லை. தோட்டத்துத் தாத்தா பாட்டிகளுக்கு இல்லாத அந்தத் திறமைகள் இந்தத் தலைமுறையிடம் இருக்கின்றன. சங்கம் எதுவானாலும், அடுத்த பொதுக்கூட்டத்துக்கான அறிவிப்புக் கடிதம் வீட்டுக்கு வரும்போது, அதை மின்கட்டண ரசீதுகளோடு சேர்த்துச் செருகிவிடாமல் தேதியைக் குறித்து வையுங்கள். போகும்போது பெரியம்மாவையோ தாத்தாவையோ காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டு அவர்களுடையதாக இருக்கலாம், அறிக்கையை வாசித்து விளக்க நீங்கள் பக்கத்தில் இருக்கலாம்.